பட்டியல் பார்க்காத குழந்தைகள்: மிசிசிப்பியின் 82 கவுண்டிகளை முன்வைத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



வறுமையைப் பற்றி எந்த நாட்டை வைத்து வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் ஒரு புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது என்பதை மாணவர்களுக்குக் காட்டுவதாக இருக்கட்டும் என்று அழைப்பில் எழுதியிருந்தீர்கள். அதனால் நான் பல காலமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவரும் ஒரே ஒரு பட்டியலோடு வந்திருக்கிறேன். அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம். அதில் 82 கவுண்டிகள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட மேற்பார்வைக் குழு, தனி ஷெரீஃப், தனிச் சொத்துவரி என்று ஒவ்வொரு கவுண்டிக்கும் சொந்த நிர்வாகம் உண்டு. மக்கள்தொகையில் பெரும்பாலானவை நம் ஊர் வட்டங்களைவிடச் சிறியவை. ஒவ்வொரு கவுண்டியிலும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரில் எத்தனை விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் மதிப்பீடு வெளியிடுகிறது.

மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு குழந்தைகளில் ஒருவர் ஏழை. ஆனால் கவுண்டிவாரியாகப் பார்க்கும்போது இரண்டு உலகங்கள் தெரிகின்றன. மாநிலத்தின் வடமேற்கே, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையில் கிடக்கும் வண்டல் சமவெளியை ‘டெல்டா’ என்கிறார்கள். அங்கே பல கவுண்டிகளில் நூறு குழந்தைகளுக்கு நாற்பது பேருக்கு மேல் ஏழைகள். மெம்பிஸ் நகரத்தை ஒட்டிய டிசோட்டோவிலும், தலைநகர் ஜாக்சனை ஒட்டிய ராங்கின், மேடிசன் கவுண்டிகளிலும் அந்த எண் பதினைந்தைச் சுற்றியே நிற்கிறது. செய்தித்தாள்கள் இதை வண்ணப் படமாக அச்சிடுகின்றன. ஏழ்மை கூடக் கூட நிறம் கருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழைக் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதை இந்தப் பட்டியல் ஓரளவு சரியாகச் சொல்கிறது. எதனால் என்று சொல்வதில்லை. எதைச் செய்தால் குறையும் என்பதைக் காணும் கண்ணே அதற்குக் கிடையாது, அளவுகோலை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு வெற்றிடங்களையும் படிப்பவர்கள் தங்கள் முன்முடிவால் நிரப்பிக்கொள்கிறார்கள்: அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான், எவ்வளவு கொடுத்தாலும் மாறாது என்று. இந்த முடிவு பட்டியலில் இல்லை. வரலாறும் அதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

1. கோடு எங்கிருந்து வந்தது

அமெரிக்க வறுமைக் கோட்டை வகுத்தவர் மாலி ஒர்ஷான்ஸ்கி. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த புள்ளியியலாளர், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வறுமையிலேயே வளர்ந்தவர். 1963இல் அவர் எழுதிய கட்டுரை ஏழைகளின் குழந்தைகளைப் பற்றியது. ஆக, அந்தக் கோடு பிறந்ததே குழந்தைகளுக்காகத்தான். கணக்கு எளிமையானது. அரசு வகுத்திருந்த மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை எடுத்தார். 1955ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. ஆகவே உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார். இதற்குக் கீழே இருந்தால் நிச்சயமாகப் போதாது என்று சொல்லவே அவர் விரும்பினார். இதற்கு மேலே இருந்தால் போதும் என்று அவர் சொன்னதில்லை.

விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொண்டு அதே கோட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 2022இல் பெற்றோர் இருவரும் குழந்தைகள் இருவரும் கொண்ட குடும்பத்துக்கு அது 29,678 டாலர். நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கும் அதே தொகை, மிசிசிப்பியின் கடைக்கோடிக் கிராமத்துக்கும் அதே தொகை. வரிக்கு முந்தைய ரொக்க வருமானம் மட்டுமே கணக்கில் வரும். உணவுக்காக அரசு தரும் அட்டை, வாடகை உதவி, வரி மூலம் திரும்பி வரும் பணம் எதுவும் சேராது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது பகுதியில் தேவைப்படும்.

இன்னொன்று. உறவினர் அல்லாதவர் வீட்டில் வளரும் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், குறிப்பாக அரசு பராமரிப்பின் கீழ் வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டவர்கள், இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. ஏழை என்றும் எண்ணப்படுவதில்லை, ஏழை அல்லர் என்றும் எண்ணப்படுவதில்லை.

2. விகிதமும் தலையெண்ணிக்கையும்

ஹோம்ஸ் கவுண்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 17,000. டிசோட்டோவில் 185,314. இரண்டிலும் நான்கில் ஒருவர் குழந்தை என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். ஹோம்ஸில் நூற்றுக்கு 45 என்று போட்டால் ஏழைக் குழந்தைகள் இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடுவார்கள். டிசோட்டோவில் நூற்றுக்கு 15 என்று போட்டாலும் ஏழாயிரத்தை நெருங்கும். படத்தில் வெளிர் நிறத்தில் இருக்கும் கவுண்டியில்தான் ஏழைக் குழந்தைகள் மூன்று மடங்குக்கும் மேல். வசதியானவர்களின் கவுண்டி என்று பெயர் வாங்கிய இடத்தில் அந்த ஏழாயிரம் பேர் யார் கண்ணிலும் படுவதில்லை.

இது வெறும் வகுப்பறைக் கணக்கு அல்ல. ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு தரும் ‘டைட்டில் ஒன்’ நிதி இந்த மதிப்பீட்டை வைத்தே பிரிக்கப்படுகிறது. சூத்திரத்தின் ஒரு பகுதி விகிதத்துக்கும் எடை தருகிறது, தலையெண்ணிக்கைக்கும் எடை தருகிறது, இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கை எடையால் பயன்பெறுபவை பெரிய நகரப் பள்ளி மாவட்டங்கள். விகிதம் உச்சத்தில் இருந்தாலும் சிறிய கிராமப்புற மாவட்டங்களுக்கு அந்த வழி திறப்பதில்லை.

மறுமுனையில் இசக்வீனா கவுண்டி. 2020இல் மொத்தமே 1,338 பேர், மாநிலத்தில் மிகச் சிறியது. அங்கே சில குடும்பங்களின் நிலை மாறினாலே விகிதம் குதிக்கும். கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு எண்ணுடனும் பிழை வரம்பையும் தருகிறது. சிறிய கவுண்டிகளில் அந்த வரம்பு பத்துப் புள்ளிகளைத் தாண்டுவதும் உண்டு. அப்படியிருக்க, நாட்டிலேயே மிக ஏழையான கவுண்டி இதுதான் என்று ஆண்டுக்கொரு பெயரைத் தலைப்பில் போடுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. டெல்டாவின் ஒரு டஜன் கவுண்டிகள் ஒரே நிலையில் இருக்கின்றன என்று சொல்லலாம், அது உண்மை. அவற்றை வரிசைப்படுத்துவதால் தெரிந்துகொள்வது ஒன்றுமில்லை.

3. கருத்த நிறம் எப்படி வந்தது

இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

அதே இசக்வீனாவில் 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 7,244 அடிமைகளைப் பதிவு செய்திருக்கிறது. கவுண்டி மக்களில் 92.5 விழுக்காடு. நாட்டிலேயே அதிக விகிதம். இன்று அங்கு வாழும் மொத்த மக்களைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டவர்கள் அன்று அந்த மண்ணில் பிறர் உடைமையாக இருந்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமை முறை ஒழிந்தது, நிலம் கைமாறவில்லை. வாரச் சாகுபடி வந்தது. விதையும் கோவேறு கழுதையும் பண்ணையாரிடம் வாங்க வேண்டும், மளிகைக்குப் பண்ணைக் கடையில் பற்று வைக்க வேண்டும். பருத்தி எடுத்த பிறகு பண்ணை அலுவலகத்தில் கணக்கு முடிப்பார்கள். கணக்கேடு பண்ணையார் கையில். ஓராண்டு உழைத்த குடும்பம் கடனோடு வெளியே வருவது வழக்கமாக இருந்தது. கேள்வி கேட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான், வீடும் பண்ணைக்குச் சொந்தம்.

1944 அக்டோபர் 2ஆம் தேதி, கோஹோமா கவுண்டியில் கிளார்க்ஸ்டேல் ஊருக்கு அருகே ஹாப்சன் பண்ணையில் எட்டு சிவப்பு நிற எந்திரங்கள் பருத்தி எடுத்துக் காட்டின. ஒரு பொதி பருத்தியைக் கையால் எடுக்க 39.41 டாலர் செலவு, எந்திரத்தால் 5.26 டாலர் என்று பண்ணைக்காரர் கணக்கெழுதி வைத்தார். அந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு வட்டாரத்தின் வாழ்வாதாரம் போய்விட்டது. களையெடுக்கும் வேலை மட்டும் மிஞ்சியிருந்தது, களைக்கொல்லி அதையும் எடுத்துக்கொண்டது. 1967இல் விவசாயத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நீட்டிக்கப்பட்டு, மணிக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்று ஆனதும், மிச்சமிருந்தவர்களையும் பண்ணைகள் அனுப்பிவிட்டன. இளைஞர்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயில் ஏறினார்கள். முதியோரும் குழந்தைகளும் தங்கிவிட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் கவுண்டி நிர்வாகம் நேரடியாக உள்ளே வருகிறது. அரசின் உபரித் தானியத்தை இலவசமாக வழங்குவதா, கடையில் உணவு வாங்கப் பயன்படும் உணவு முத்திரைத் திட்டத்துக்கு மாறுவதா என்பதை முடிவு செய்யும் உரிமை அப்போது கவுண்டிகளிடம் இருந்தது. டெல்டா கவுண்டிகள் முத்திரைக்கு மாறின. முத்திரை இலவசம் அல்ல, ஆளுக்கு மாதம் குறைந்தது இரண்டு டாலர் கொடுத்து வாங்க வேண்டும். கையில் ஒரு காசும் வராத குடும்பம் எதைக் கொடுத்து வாங்கும்? முன்பு வந்துகொண்டிருந்த மாவும் பால்பொடியும்கூட நின்றுபோயின. 1967 ஏப்ரலில் ஜாக்சனில் செனட் குழு ஒன்று விசாரணை நடத்தியபோது மேரியன் ரைட் என்ற இளம் வழக்கறிஞர் இதைத்தான் எடுத்துச் சொன்னார். மறுநாள் அந்தக் குழுவின் உறுப்பினரான செனட்டர் ராபர்ட் கென்னடி டெல்டாவுக்குச் சென்றார். கிளீவ்லாண்ட் ஊரில் ஒரு வீட்டின் இருண்ட உள்ளறையில், தரையில் சிந்தியிருந்த சோற்றுப் பருக்கைகளோடு இருந்த, வயிறு ஊதிய குழந்தையின் முன் அவர் உட்கார்ந்து பேச முயன்றதையும், குழந்தை நிமிர்ந்து பார்க்காததையும் உடன் சென்றவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காசு கொடுத்து முத்திரை வாங்க வேண்டும் என்ற விதியை நீக்கும் சட்டம் 1977இல்தான் வந்தது.

இதே காலத்தில் மவுண்ட் பாயூ ஊரில் மருத்துவர் ஜாக் கைகர் தொடங்கிய சமூக நல மையத்தில், சத்துக்குறைவோடு வந்த குழந்தைகளுக்கு உணவையே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடை அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு பொருள் தரும், மையம் தன் மருந்து நிதியிலிருந்து பணம் கட்டும். மருந்து நிதியை இப்படிச் செலவிடலாமா என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. பசிக்கு உணவுதான் மருந்து என்று அவர் தந்த விளக்கத்துக்கு யாராலும் மறுமொழி சொல்ல முடியவில்லை.

பள்ளிகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1969இல் உச்ச நீதிமன்றம் இனி ஒரு நாளும் தாமதிக்காமல் பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்க வேண்டும் என்று தீர்ப்பளித்த வழக்கில் எதிர்த்தரப்பாக நின்றது ஹோம்ஸ் கவுண்டிப் பள்ளிக் குழு. தீர்ப்புக்குப் பின் வெள்ளையர் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு மாற்றிக்கொண்டன. அரசுப் பள்ளிக்குச் சொத்துவரி உயர்த்தலாமா என்ற கேள்வி வரும்போது, நிலம் வைத்திருப்பவரின் பிள்ளை அங்கு படிப்பதில்லை.

அதே ஹோம்ஸில் வேறொன்றும் நடந்தது. 1930களின் இறுதியில் ஒன்றிய அரசு மைல்ஸ்டன் பகுதியில் பெரும் பண்ணைகளை வாங்கி, ஏறத்தாழ நூறு கறுப்பினக் குடும்பங்களுக்கு நீண்டகாலக் கடனில் பிரித்துக் கொடுத்தது. சொந்த நிலம் இருந்தவர்களை வீட்டைவிட்டு விரட்ட யாராலும் முடியவில்லை. 1963இல் வாக்காளராகப் பதிவு செய்யத் துணிந்து நீதிமன்றப் படியேறிய 14 பேர் அந்த வட்டாரத்து விவசாயிகள். 1967இல் ஹோம்ஸிலிருந்து மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வான ராபர்ட் கிளார்க், அந்த நூற்றாண்டில் அந்த அவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர். நிலம் கைமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அதே கவுண்டிக்குள்ளேயே சான்று இருக்கிறது. அது மேலும் சில கவுண்டிகளில் நடந்திருந்தால் இன்றைய படம் வேறு நிறத்தில் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

4. துனிக்கா

மெம்பிஸிலிருந்து 61ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போயிருக்கிறேன். டிசோட்டோவின் புதுக் குடியிருப்புகளும் கடைவளாகங்களும் முடிந்ததும் துனிக்கா கவுண்டி தொடங்கிவிடும். சாலையின் இருபுறமும் சோயாவும் பருத்தியும். நெடுந்தூரத்துக்கு வீடு தென்படாது. வாரச் சாகுபடிக் குடிசைகள் நின்ற இடங்களெல்லாம் இன்று உழுநிலம். மேற்கே ஆற்றங்கரை ஓரமாகத் திடீரென்று சூதாட்ட விடுதிகளின் உயர்ந்த கட்டடங்கள்.

1980களில் துனிக்கா ஊரில் திறந்த சாக்கடையோரம் மக்கள் குடியிருந்த சுகர் டிட்ச் பகுதியைக் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் நேரில் பார்த்து, அமெரிக்காவின் எத்தியோப்பியா என்று அழைத்தார். 1990இல் மாநிலம் சூதாட்டத்தை அனுமதித்தது, 1992இல் முதல் விடுதி திறந்தது. பத்தாயிரம் பேர் அளவிலான கவுண்டிக்குப் பெரும் வரி வருவாய் கொட்டியது. சாலை, விமான நிலையம், நிகழ்ச்சி அரங்கம், கோல்ஃப் மைதானம், ஆற்றங்கரைப் பூங்கா எல்லாம் வந்தன. விடுதி வேலைகளில் பெரும்பங்கு வெளியிலிருந்து வண்டி ஓட்டி வந்தவர்களுக்குப் போனது. மற்ற மாநிலங்களிலும் விடுதிகள் பெருகியபின் வருவாய் சரிந்தது, 2014இல் மிகப் பெரிய விடுதி மூடப்பட்டது. துனிக்காவின் குழந்தைகள் இன்றும் டெல்டாவின் கருத்த நிறத்துக்குள்தான் இருக்கிறார்கள். ஊருக்குள் பணம் வந்தது, குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அது போகவில்லை. வளர்ச்சி வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று வாதிடுவோர் முதலில் துனிக்காவை ஆராயட்டும்.

5. 2021

இப்போது முதல் பகுதியில் நினைவில் வைக்கச் சொன்ன விதிக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் குழந்தையுள்ள குடும்பங்களுக்கு வரிச்சலுகை உண்டு. நெடுங்காலமாக அதில் ஒரு பெரும் குறை. பெற்றோரின் சம்பாத்தியம் மிகக் குறைவாக இருந்தால் முழுத் தொகை வராது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவாகக் கிடைக்கும். 2021 மார்ச்சில் வந்த நிவாரணச் சட்டம் அந்த ஆண்டுக்கு மட்டும் இதை மாற்றியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலர், ஆறு முதல் பதினேழு வயதுவரை 3,000 டாலர், வருமானமே இல்லாவிட்டாலும் முழுமையாக. பாதித் தொகை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வந்தது, சிறு குழந்தைக்கு 300 டாலர், பெரிய குழந்தைக்கு 250.

அரசு உதவிகளையும் வரியையும் வாடகை வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் இரண்டாவது அளவீடு ஒன்றையும் கணக்கெடுப்புத் துறை வெளியிடுகிறது. துணை வறுமை அளவீடு என்று சொல்லலாம். அதன்படி நாட்டின் குழந்தை வறுமை 2020இல் 9.7 விழுக்காடு, 2021இல் 5.2. அந்த அளவீடு தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு தாழ்ந்ததில்லை. ஆண்டு முடிந்ததும் செனட்டில் போதிய வாக்குகள் சேராமல் திட்டம் காலாவதியானது. 2022இல் 12.4. ஒரே ஆண்டில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கோட்டுக்குக் கீழே திரும்ப வந்து விழுந்தார்கள். அந்தப் பெற்றோர்கள் ஓராண்டில் சோம்பேறிகளாகிவிட்டார்களா? காங்கிரஸில் ஒரு முடிவு மாறியது, அவ்வளவுதான்.

இனி அதிகாரபூர்வ அளவீட்டைப் பாருங்கள். 2021இல் 15.3, 2022இல் 15.0. நாட்டின் குழந்தை வறுமை வரலாறு காணாத அளவு தாழ்ந்த ஆண்டிலும், இரு மடங்குக்கு மேல் ஏறிய ஆண்டிலும் அந்தக் கோடு ஏறக்குறைய அசையவில்லை. இன்னும் சொல்லப்போனால் சிறிது முன்னேற்றம் காட்டுகிறது. கவுண்டிவாரிப் பட்டியல் தயாராவது இந்த அளவீட்டை வைத்துத்தான். துணை அளவீட்டைக் கவுண்டி அளவில் ஆண்டுதோறும் தருவதில்லை. மாநிலங்களுக்கே மூன்றாண்டுச் சராசரிதான் கிடைக்கும். எனவே அந்த ஆறு மாதங்களில் ஹோம்ஸிலும் துனிக்காவிலும் நடந்ததைக் கவுண்டிப் படத்தில் தேடினால் கிடைக்காது. அதே படத்தை ஆண்டுக்காண்டு அடுக்கிப் பார்ப்பவர், எத்தனை கோடி செலவழித்தாலும் டெல்டா மாறவில்லை என்று எழுதிவிடுகிறார். செலவழித்ததை எண்ணாத அளவுகோலை வைத்து, செலவு வீண் என்று தீர்ப்புச் சொல்கிறார்.

6. பணம் என்ன செய்யும், என்ன செய்யாது

எதிர்த்தரப்புச் சான்றையும் வைக்க வேண்டும். 2018இல் தொடங்கி, நான்கு பெருநகரப் பகுதிகளில் ஆயிரம் ஏழைத் தாய்மாரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு மாதம் 333 டாலரும் மற்றப் பிரிவினருக்கு 20 டாலரும் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. குழந்தைகளுக்கு நான்கு வயதானபோது மொழித்திறன், கவனம், நடத்தை ஆகிய முக்கிய அளவுகளில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உதவித்தொகையை எதிர்ப்பவர்கள் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். முடிவு முடிவுதான், மறைக்கக் கூடாது.

ஆனால் அதோடு இன்னொன்றையும் வைத்துப் படிக்க வேண்டும். உணவு முத்திரைத் திட்டம் 1961க்கும் 1975க்கும் இடையில் கவுண்டி கவுண்டியாக விரிந்தது. ஒரு கவுண்டிக்கு முன்பே வந்தது, பக்கத்துக் கவுண்டிக்குச் சில ஆண்டு கழித்து வந்தது. ஹிலரி ஹாய்ன்ஸ், டயான் ஷான்சென்பாக், டக்ளஸ் ஆல்மண்ட் ஆகிய மூவரும் இந்த இடைவெளியைப் பயன்படுத்தி 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிறு வயதிலேயே திட்டம் கிடைத்த கவுண்டிகளில் வளர்ந்தவர்களுக்கு நடுவயதில் உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை சேர்ந்த கோளாறு குறைவாக இருந்தது, பெண்கள் பொருளாதாரத்தில் தம் காலில் நிற்பது கூடியது. பலன் தெரிய முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நான்கு வயதில் கேட்ட கேள்விக்கு அங்கேயும் பதில் கிடைத்திருக்காது.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியை இங்கு பலருக்கும் தெரியும். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பதின்மூன்று வயதுக்கு முன்பே வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்ந்த குழந்தைகள் இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்ததைக் காட்டியது. இடம் முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் டெல்டாவின் குழந்தைகள் அனைவரையும் டிசோட்டோவுக்குக் குடியேற்ற முடியாது. டிசோட்டோவின் வாய்ப்புகளை டெல்டாவுக்குக் கொண்டுபோக முடியுமா என்பதே கொள்கை வகுப்போர் கேட்க வேண்டிய கேள்வி. முடியும் என்பதற்கு மிசிசிப்பியே ஓர் உதாரணம் தருகிறது. 2013இல் அந்த மாநிலம் வாசிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர், மூன்றாம் வகுப்பு முடிவில் தேர்வு. நாட்டின் அடிவரிசையில் இருந்த நான்காம் வகுப்பு வாசிப்பு 2019இல் தேசியச் சராசரியை எட்டிவிட்டது. குழந்தைகள் அதே ஏழைக் குழந்தைகள், பள்ளியில் நடந்தது மாறியது.

தனிப்பட்ட முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு குழந்தையின் இரவு உணவு, அது பின்னால் எவ்வளவு மதிப்பெண் வாங்கியது என்பதை வைத்துத் தன்னை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆராய்ச்சியாளர்களாகிய நாம் நீண்டகாலப் பலனை அளக்கிறோம், அளக்கத்தான் வேண்டும். ஆனால் பலன் அளந்து முடியும்வரை பசி பொறுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஆய்வுக் கட்டுரைகளுக்குள் நுழைந்துவிடக் கூடாது.

7. மாநிலத்தின் கை

ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவி 1996இல் மாற்றியமைக்கப்பட்டது. ஒன்றிய அரசு ஆண்டுக்கு 1,650 கோடி டாலரை மாநிலங்களுக்கு மொத்தமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். எப்படிச் செலவிடுவது என்பதில் மாநிலங்களுக்குப் பெரும் சுதந்திரம். மிசிசிப்பியில் மூவர் கொண்ட குடும்பத்துக்கு அதிகபட்சம் மாதம் 170 டாலராக நெடுங்காலம் இருந்தது, 2021இல் 260 ஆனது. அதே நிதியிலிருந்து குறைந்தது 7.7 கோடி டாலர் வேறு வழிகளில் போனதை மாநிலத் தணிக்கை வெளிக்கொண்டு வந்தது. அந்தப் பணம் எந்தக் கவுண்டியின் குழந்தைகளுக்குச் சேர வேண்டியிருந்தது என்பதைப் பட்டியலில் பார்க்க முடியாது.

பள்ளி விடுமுறையில் மதிய உணவு நின்றுவிடும். அதற்கு ஈடாகக் குழந்தைக்கு மாதம் 40 டாலர் வீதம் மூன்று மாதங்களுக்கு 120 டாலரை உணவு அட்டையில் ஏற்றும் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 கோடையில் தொடங்கியது. உணவுக்கான தொகை முழுவதும் ஒன்றிய அரசுடையது, நிர்வாகச் செலவில் பாதி மட்டும் மாநிலம் ஏற்க வேண்டும். மிசிசிப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தகுதியுள்ள குழந்தைகள் மூன்று லட்சத்துக்கும் மேல். உணவு மையத்துக்கு வந்து சாப்பிடலாமே என்ற வாதம் நகரத்தில் செல்லும். ஐந்தாறு மைலுக்கு ஒரு வீடு, பேருந்து கிடையாது, வண்டியை எடுத்துக்கொண்டு அம்மா வேலைக்குப் போய்விட்டாள் என்ற நிலையில், எட்டு வயதுக் குழந்தை பகல் வெயிலில் அந்த மையத்துக்கு எப்படிப் போகும்?

அடுத்து மருத்துவம். 2022இல் கிரீன்வில் நகரில் டெல்டாவின் ஒரே பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு மூடப்பட்டது. அதே ஆண்டு கிரீன்வுட் மருத்துவமனையில் மகப்பேறுப் பிரிவும் மூடப்பட்டது. 2024இல் மாநிலத்தில் ஆயிரம் பிறப்புக்கு 9.7 சிசுக்கள் ஓராண்டு நிறையும் முன் இறந்தன. 2025 ஆகஸ்டில் மாநில சுகாதாரத் துறை பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை குறைந்த வருமானமுள்ள வயதுவந்தோருக்கும் விரிவாக்கினால் செலவில் தொண்ணூறு விழுக்காட்டை ஒன்றிய அரசு ஏற்கும். 2024இல் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் விரிவாக்க மசோதாவை ஆளுக்கொரு வடிவில் நிறைவேற்றின. வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையில் உடன்பாடு எட்டாமல் அந்தக் கூட்டத்தொடரிலேயே முயற்சி கைவிடப்பட்டது. கவுண்டிவாரிக் குழந்தை வறுமைப் பட்டியலை வைத்து இனி ஆய்வு செய்யப்போகும் மாணவர்கள், அந்தக் கூட்டத்தொடரின் நடவடிக்கைக் குறிப்புகளையும், எந்தக் கவுண்டியின் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.